இரண்டு பச்சைகள்: எல்.ஈ.டியின் நிறம் எங்கிருந்து வருகிறது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகள் உயர்தரம் படிக்கிறாள். பாடசாலைக் கண்காட்சிக்காக வீதிச் சமிக்ஞை விளக்கு மாதிரி ஒன்று செய்துகொண்டிருந்தாள். கறுப்பு வர்ணம் பூசிய காட்போட் பெட்டி, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று எல்.ஈ.டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு 100 ஓம் தடையி, ரீவி ரிமோட்டிலிருந்து கழற்றிய இரண்டு பற்றரி. சிவப்பு எரிந்தது. மஞ்சள் எரிந்தது. பச்சையை மட்டும் எத்தனை முறை கழற்றிப் பூட்டியும் சரிவரவில்லை. அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால்தான் மின்மினி மாதிரி ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்தது.

"புறக்கோட்டையில வாங்கினது மாமா. பழுதானதைத் தந்திட்டாங்கள் போல" என்றாள்.

மல்ட்டிமீற்றரை வைத்துப் பார்த்தேன். இரண்டு பற்றரியும் சேர்ந்து 2.5 வோல்ட். களைத்துப்போன பற்றரிகள். அக்கா வீட்டு அலுமாரிக்கு மேலே, பாடாமல் போய்ப் பல வருடமான ஒரு பழைய வானொலி கிடந்தது. அதைத் திறந்து, முகப்பில் இருந்த சின்னப் பச்சை எல்.ஈ.டியைச் சூட்டுக்கோலால் எடுத்து அதே பற்றரியில் பூட்டினோம். பளிச்சென்று எரிந்தது. அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இருபது முப்பது வருடப் பழைய பச்சை எரிகிறது, நேற்று வாங்கிய பச்சை எரியவில்லை.

"இரண்டையும் கிட்ட வைத்துப் பார், பிள்ளை" என்றேன். பழையது வாழைக்குருத்தின் நிறம், மஞ்சள் கலந்த பச்சை. புதியது, மங்கலாக எரிந்தாலும், மரகதம் போலச் சுத்தமான பச்சை. இரண்டையும் பச்சை என்றுதான் சொல்கிறோம். ஆனால் உள்ளே இருக்கும் பொருள் ஒன்றல்ல. கடைக்காரரில் பிழை இல்லை. அவர் கொடுத்தது வேறொரு பொருளால் ஆன பச்சை.

அந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் எல்.ஈ.டியின் நிறம் பற்றி அடிப்படையில் தெரிய வேண்டியது எல்லாமே விளங்கிவிடும். அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். எல்.ஈ.டியின் நிறம் அதன் பிளாஸ்ரிக் மூடியில் இல்லை. புறக்கோட்டைக் கடைகளில் தண்ணீர் போலத் தெளிந்த மூடியுள்ள எல்.ஈ.டிகளும் கிடைக்கும். மின்னைக் கொடுத்தால்தான் அது சிவப்பா நீலமா என்று தெரியும். பழைய குண்டு பல்புகளில் கண்ணாடிக்கு வர்ணம் பூசினால் நிறம் வரும். வெசாக் தோரணங்களுக்கு அப்படி வர்ணம் பூசிய பல்புகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பல்பின் இழை எல்லா நிறத்தையும் தருகிறது, வர்ணம் வேண்டாததை விழுங்கிவிடுகிறது. எல்.ஈ.டி அப்படி வேலை செய்வதில்லை. உள்ளே மணல் துணுக்கை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பளிங்குத் துண்டு இருக்கிறது. அது பிறப்பிலேயே ஒரு நிறத்தை மட்டும்தான் தரும். சிவப்பு வேண்டுமென்றால் சிவப்பைத் தரக்கூடிய பளிங்கைத் தேட வேண்டும், அல்லது செய்ய வேண்டும்.

அந்தப் பளிங்கு ஒரு குறைகடத்தி. பாடப் புத்தகத்தில் எல்.ஈ.டியின் பெயர் ஒளிகாலும் இருவாயி. குறைகடத்திக்குள் இலத்திரன்களுக்கு இரண்டு தளங்கள் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். கீழ்த்தளத்தில் இலத்திரன்கள் அணுக்களோடு கட்டுண்டு இருக்கும். மேல்தளத்தில் சுதந்திரமாக ஓடித் திரியும். நடுவில் எந்த இலத்திரனும் நிற்க முடியாத வெற்றிடம். அந்த உயரத்துக்குச் சக்தி இடைவெளி என்று பெயர். பளிங்கின் ஒரு பக்கத்தில் மேல்தளத்து இலத்திரன்கள் நிறைய இருக்கும்படி கலப்படம் செய்வார்கள், அது 'என்' வகை. மறுபக்கத்தில் கீழ்த்தளத்தில் காலி இடங்கள் நிறைய இருக்கும்படி செய்வார்கள், அது 'பி' வகை. காலி இடத்துக்குத் துளை என்று பெயர். பற்றரியைப் பூட்டியதும் இரண்டும் நடுவில் வந்து சந்திக்கின்றன. மேலிருந்த இலத்திரன் கீழே இருக்கும் துளைக்குள் விழுகிறது. விழும்போது விடுகிற சக்தி ஒளியாக வெளியே வருகிறது.

எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்ததோ அவ்வளவு சக்தி ஒவ்வோர் ஒளித்துணுக்கிலும் இருக்கும். ஒளித்துணுக்கின் சக்திதான் நமக்கு நிறமாகத் தெரிகிறது. குறைந்த சக்தி சிவப்பு, கூடிய சக்தி நீலம்.

இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது, மனதில் வைத்துக்கொண்டால் வாழ்நாளெல்லாம் உதவும். 1240 என்ற எண்ணை நனோமீற்றரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால், ஒளித்துணுக்கின் சக்தி இலத்திரன்வோல்ட்டில் கிடைக்கும் (ஒரு வோல்ட் தள்ளும்போது ஓர் இலத்திரன் பெறும் சக்திதான் ஓர் இலத்திரன்வோல்ட்). 625 நனோமீற்றர் சிவப்புக்கு 1.98. 590 மஞ்சளுக்கு 2.10. வானொலியில் இருந்த வாழைக்குருத்துப் பச்சை ஏறத்தாழ 565, அதற்கு 2.19. புதிய மரகதப் பச்சை 525 அளவில், அதற்கு 2.36. 460 நீலத்துக்கு 2.70. ஆகவே சிவப்பிலிருந்து நீலம் வரைக்கும் போக நமக்கு வேண்டியது 1.9 முதல் 2.7 வரை இடைவெளி உள்ள பொருள்கள்தான். மிகச் சிறிய வீச்சு. இதற்குள் நல்ல பொருள்களைக் கண்டுபிடிக்க மனிதருக்கு முப்பது வருடத்துக்கு மேல் பிடித்தது.

பற்றரிகளைத் திரும்ப ரிமோட்டில் போட்டோம். அதே களைத்த பற்றரியோடு ரிமோட் ஒழுங்காக வேலை செய்தது. அதன் முனையில் இருப்பதும் எல்.ஈ.டிதான். பெரும்பாலும் 940 நனோமீற்றர், கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிர். 1240ஐ 940ஆல் வகுத்தால் 1.32. இரண்டரை வோல்ட் அதற்குத் தாராளம். ஃபோனின் செல்ஃபி கமராவுக்கு முன்னால் ரிமோட்டைப் பிடித்துப் பொத்தானை அழுத்திப் பாருங்கள், பல ஃபோன்களில் வெளிறிய ஊதா ஒளி மினுங்குவது தெரியும். கண் பார்க்காததைக் கமரா பார்க்கிறது.

சரி, உலகம் முழுக்க மலிவாகக் கிடைக்கும் குறைகடத்தி சிலிக்கன். கணினி, ஃபோன், சூரியத் தகடு எல்லாம் அதில்தான். எல்.ஈ.டியை மட்டும் ஏன் அதில் செய்வதில்லை? அதன் இடைவெளி 1.12தான், கண்ணுக்குத் தெரியும் ஒளிக்குப் போதாது என்பது ஒரு காரணம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பொருள் தேர்வில் புதிதாகப் படிப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் வருகிறீர்கள். பம்பலப்பிட்டியில் பஸ் முழுதாக நின்றால் காலைக் கீழே வைத்து இறங்கிவிடலாம். ஊர்ந்துகொண்டே இருந்தால் அப்படி இறங்க முடியாது. கீழே நிற்கும் ஒருவர் கையைப் பிடித்துத் தாங்க வேண்டும், அல்லது நாம் கூடவே கொஞ்சத் தூரம் ஓட வேண்டும். இலத்திரனுக்கும் இதே பிரச்சினைதான். சில பொருள்களில் மேல்தளத்து இலத்திரனுக்கும் கீழ்த்தளத்துத் துளைக்கும் உந்தம் ஒன்றே. இலத்திரன் நேராக விழலாம், ஒளி வரும். இவை நேரடி இடைவெளிப் பொருள்கள். சிலிக்கனில் இரண்டின் உந்தமும் வேறு. ஒளி சக்தியை நன்றாகக் காவும், ஆனால் இந்த அளவு உந்தத்தைக் காவ முடியாது. அந்த வித்தியாசத்தை வாங்கிக்கொள்ளப் பளிங்கின் அணுக்கள் சரியான நேரத்தில் சரியான விதமாக அதிர வேண்டும். அது அபூர்வம். அதற்காகக் காத்திருக்கும்போதே இலத்திரன் வேறு வழியால் விழுந்து, சக்தி வெப்பமாகப் போய்விடும். இவை மறைமுக இடைவெளிப் பொருள்கள். சிலிக்கன், ஜேர்மானியம் இரண்டும் இந்தக் கூட்டம்.

ஆகவே இடைவெளியின் அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது, அது நேரடியானதாகவும் இருக்க வேண்டும். இன்னும் இரண்டு நிபந்தனைகள் வரப்போகின்றன.

ஆவர்த்தன அட்டவணையில் சிலிக்கன் இருக்கும் நிரலுக்கு இரு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் அலுமினியம், கல்லியம், இந்தியம். மறுபக்கம் நைதரசன், பொசுபரசு, ஆசனிக். இந்தப் பக்கத்தில் ஒன்றையும் அந்தப் பக்கத்தில் ஒன்றையும் சோடி சேர்த்தால் குறைகடத்தி கிடைக்கும். எல்.ஈ.டி உலகம் பெரும்பாலும் இந்த ஆறு மூலகங்களுக்குள்தான் நடக்கிறது. கல்லியம் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் வரும். அது 29.8 பாகையில் உருகும் உலோகம். கொழும்பின் மத்தியான வெக்கையில் மேசையில் வைத்தால் தானாகவே உருகித் தண்ணீராகிவிடும். அதைப் போய் ஆசனிக்கோடு சேர்த்தால் கல்லியம் ஆசனைட்டு என்ற உறுதியான பளிங்காகிறது. இடைவெளி 1.42, அதுவும் நேரடியானது. அருமையான பொருள், ஆனால் ஒளி 870 நனோமீற்றருக்குக் கிட்ட, கண்ணுக்குத் தெரியாது. ரிமோட் எல்.ஈ.டி இந்தக் குடும்பம்தான்.

கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் இடைவெளியைக் கூட்ட வேண்டும். எப்படி? கலந்துதான். தேத்தண்ணீரில் பாலைக் கூட்டிக் குறைத்து நிறத்தை மாற்றுவது போல, ஆசனிக்கில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பொசுபரசைப் போட்டால் இடைவெளி படிப்படியாகக் கூடும். பொசுபரசு சிறிய அணு, பிணைப்பு இறுக்கம். பொதுவாக அணு சிறுத்தால் இடைவெளி பெருக்கும். இந்த ஒரு வரி பல இடத்தில் கைகொடுக்கும்.

1962இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் நிக் ஹொலொனியாக் இப்படிக் கலந்த பளிங்கிலிருந்துதான் சிவப்பு ஒளியைக் கொண்டுவந்தார். நூற்றுக்கு 40 பங்கு பொசுபரசு சேர்ந்தால் இடைவெளி 1.9க்கு வரும், நல்ல சிவப்பு. பழைய கல்குலேற்றர்களின் சிவப்பு இலக்கங்கள் அந்தக் கலவையில் எழுதியவை. அப்படியானால் இன்னும் பொசுபரசைக் கூட்டி மஞ்சளுக்கும் பச்சைக்கும் போகலாமே? அங்கேதான் தடை. பொசுபரசு பாதியை நெருங்கும்போது பளிங்கு நேரடியிலிருந்து மறைமுகமாக மாறிவிடுகிறது. இடைவெளி கூடிக்கொண்டே போகும், ஒளியோ செத்துவிடும்.

முழுக்கப் பொசுபரசேயான கல்லியம் பொசுபைட்டின் இடைவெளி 2.26. பச்சைக்குப் பொருத்தமான எண், ஆனால் மறைமுகம். அதையும் விட்டுவிடவில்லை, ஒரு உபாயம் கண்டுபிடித்தார்கள். பளிங்கில் அங்கொன்று இங்கொன்றாகப் பொசுபரசு அணுக்களை எடுத்துவிட்டு நைதரசன் அணுக்களை வைத்தார்கள். நைதரசன் தனக்குக் கிட்ட வரும் இலத்திரனை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஓரிடத்தில் இறுகப் பிடிபட்ட இலத்திரனுக்கு ஒரே உந்தம் என்று இருக்காது, அது பல மதிப்புகளில் பரந்து போகும் என்பது குவாண்டம் பௌதிகவியலின் அடிப்படை விதி. அந்தப் பரந்த மதிப்புகளுக்குள் துளையின் உந்தமும் இருக்கும். ஊர்கிற பஸ்ஸிலிருந்து நம்மைக் கையைப் பிடித்து இறக்கிவிடும் மனிதர் அந்த நைதரசன் அணுதான். ஒளி வந்தது, இடைவெளியை விடக் கொஞ்சம் குறைந்த சக்தியில், 2.19க்குக் கிட்ட. வாழைக்குருத்து நிறத்தில்.

அக்கா வீட்டு வானொலியில் இருந்த பச்சை அதுதான். பெரிய பிரகாசம் இல்லை, வீதி விளக்குக்கு உதவாது. ஆனால் வானொலி, ரேப் ரெக்கோடர் என்று எத்தனையோ கருவிகளின் முகத்தில் பல வருடம் மின்னியது. எனக்கு அந்த நிறத்தில் இன்றைக்கும் ஒரு பிரியம் உண்டு.

மூன்றாவது நிபந்தனைக்கு வருவோம். பளிங்கை வெறுமையில் வளர்க்க முடியாது. ஏற்கெனவே இருக்கும் வேறொரு பளிங்குத் தட்டின் மேல், அணு அடுக்கு அணு அடுக்காக வளர்க்க வேண்டும். பொங்கலுக்கு முற்றத்தில் புள்ளி வைத்துக் கோலம் போடுவதை நினைத்துப் பாருங்கள். ஒருவர் ஒரு அளவு இடைவெளி விட்டுப் புள்ளி வைத்திருக்கிறார், நாம் அதைத் தொடர வேண்டும். நமது புள்ளிகளின் இடைவெளி துளியளவு கூடினாலும் பத்து வரிசைக்குள் கோடுகள் சேராமல் போகும். பளிங்கிலும் அப்படித்தான். கீழ்த்தட்டின் அணு இடைவெளியும் மேலே வளரும் கலவையின் அணு இடைவெளியும் பொருந்தாவிட்டால் பிசகுகள் விழும். அந்தப் பிசகுகளில் இலத்திரன் அகப்பட்டால் ஒளி வராது, வெப்பம்தான் வரும்.

ஆசனிக்கும் பொசுபரசும் கலந்த பழைய சிவப்புக்கு இந்தக் குறை இருந்தது. அதனால்தான் அது மங்கல். அப்புறம் வந்த கலவை மிகவும் கெட்டித்தனமானது: அலுமினியம், கல்லியம், இந்தியம், பொசுபரசு என்று நான்கு மூலகங்கள். இந்தியம் பெரிய அணு, அணு இடைவெளியை விரிக்கும். அதைப் பாதியளவு சேர்த்தால் கலவையின் புள்ளிகள் கல்லியம் ஆசனைட்டுத் தட்டின் புள்ளிகளோடு அச்சொட்டாகப் பொருந்தும். மீதிப் பாதியில் கல்லியத்துக்குப் பதிலாக அலுமினியத்தைக் கூட்டினால் இடைவெளி கூடும், புள்ளிகள் அசையாது. ஏனென்றால் அலுமினியமும் கல்லியமும் பளிங்கில் கிட்டத்தட்ட ஒரே இடத்தைத்தான் பிடிக்கும். ஒரு கையால் பொருத்தத்தையும் மறு கையால் நிறத்தையும் தனித்தனியே திருகலாம் என்று சொல்லுங்கள். இந்தத் தேர்வை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

1990களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்த இந்தக் கலவைதான் இன்றைக்கும் சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள் மூன்றுக்கும் அரசன். வாகனங்களின் பின் விளக்கு, வீதிச் சமிக்ஞையின் சிவப்பு எல்லாம் இதுதான். ஒரு சின்னச் சிக்கல் உண்டு. கீழே தாங்கும் கல்லியம் ஆசனைட்டின் இடைவெளி 1.42தான், ஆகவே மேலே பிறக்கும் சிவப்பு ஒளியை அது விழுங்கிவிடும். அதற்காக, வளர்த்து முடிந்த பிறகு தட்டை நீக்கிவிட்டு, கண்ணாடி போல ஒளியைத் திருப்பும் உலோகத்தின் மேலோ சிவப்பு ஊடுருவும் கல்லியம் பொசுபைட்டின் மேலோ ஒட்டுவார்கள். மஞ்சளைத் தாண்டி அலுமினியத்தை இன்னும் கூட்டினால் இதுவும் மறைமுகமாகிவிடும். பச்சையின் வாசலில் இதற்கும் கதவு அடைபடுகிறது.

இனி நீலம். இதைச் சுருக்கிச் சொல்ல மனம் வரவில்லை.

நீலத்துக்கு 2.7 வேண்டும். மூன்று பொருள்கள் போட்டியில் இருந்தன. சிலிக்கன் காபைட்டிலிருந்து மஞ்சள் ஒளி வருவதை 1907இலேயே ஹென்றி ரவுண்ட் என்ற பொறியியலாளர் கண்டு எழுதியிருந்தார். இடைவெளி போதும், ஆனால் அது மறைமுகம். அதில் செய்த நீல எல்.ஈ.டிகள் விற்பனைக்கும் வந்தன, ஒளி மிக மங்கல். இரண்டாவது நாகம் செலனைட்டு. நேரடி இடைவெளி, நீலத்துக்கு அளவெடுத்துச் செய்த எண், கல்லியம் ஆசனைட்டுத் தட்டோடு புள்ளிகளும் நன்றாகப் பொருந்தும். உலகத்து ஆய்வுகூடங்களில் பலவும் இதன் பின்னால்தான் போயின. மூன்றாவது கல்லியம் நைத்திரைட்டு. நைதரசன் அந்த நிரலிலேயே மிகச் சிறிய அணு, ஆகவே இடைவெளி பெரிது, 3.4. நேரடியானதும்கூட. ஆனால் இதை வளர்க்கப் பொருத்தமான தட்டே கிடையாது.

கிடைத்த தட்டுகளில் தாங்கக்கூடியது நீலக்கல். ஆம், இரத்தினபுரி மண்ணைத் தோண்டி எடுத்துச் செட்டியார் தெருவில் மோதிரத்தில் பதிக்கிற அதே அலுமினியம் ஒட்சைட்டு. தொழிற்சாலையில் பயன்படுவது செயற்கையாக வளர்த்த, நிறமே இல்லாத கல். இரத்தினபுரிக் கல்லின் நீலம் அதில் துளியளவு கலந்திருக்கும் இரும்பாலும் தைத்தேனியத்தாலும் வருவது. நீலக்கல் ஆயிரம் பாகையைத் தாண்டிய சூட்டையும் அமோனியா வாயுவையும் தாங்கும், ஒளியையும் விழுங்காது. ஆனால் அதன் புள்ளிகளுக்கும் கல்லியம் நைத்திரைட்டின் புள்ளிகளுக்கும் இடையே 16 வீதம் வித்தியாசம். நூற்றில் ஒரு பங்கு வித்தியாசமே பளிங்கைக் கெடுக்கும் என்ற இடத்தில் பதினாறு.

இதற்கு மேல் நான்காவது நிபந்தனையும் குறுக்கே நின்றது. எல்.ஈ.டிக்கு 'என்' வகையும் வேண்டும், 'பி' வகையும் வேண்டும். கல்லியம் நைத்திரைட்டை 'பி' வகையாக்க யாராலும் முடியவில்லை. மகனீசியத்தைக் கலந்தும் பயன் இல்லை. முடியவே முடியாது என்று பலர் கைவிட்டார்கள்.

யப்பானில் நகோயாப் பல்கலைக்கழகத்தில் இசாமு அக்கசாக்கியும் அவருடைய மாணவர் ஹிரோஷி அமானோவும் கைவிடவில்லை. 1986இல் நீலக்கல்லின் மேல் முதலில் மெல்லிய அலுமினியம் நைத்திரைட்டுப் படை ஒன்றைப் போட்டு, அதன் மேல் வளர்த்தபோது முதன்முறையாக நல்ல பளிங்கு கிடைத்தது. அப்புறம் நாகம் கலந்த பளிங்கை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்துக்கொண்டிருக்கையில், அது முன்பை விடக் கூடுதலாக ஒளிர்வதைக் கண்டார்கள். மகனீசியம் கலந்த பளிங்கின் மேலும் இலத்திரன் கற்றையைப் பாய்ச்சிப் பார்த்தார்கள், அது 'பி' வகையாக மாறியது. ஏன் என்பதற்கு விடை, தொக்குஷிமாவில் நிச்சியா என்ற நிறுவனத்தில் தனியாக இதே பொருளோடு மல்லாடிக்கொண்டிருந்த ஷூஜி நக்கமூராவிடமிருந்து வந்தது. வளர்க்கும்போது அமோனியாவிலிருந்து வரும் ஐதரசன் மகனீசியத்தோடு ஒட்டிக்கொண்டு அதை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. பளிங்கைச் சூடாக்கி ஐதரசனை விரட்டினாலே போதும். 1993இல் நிச்சியா பிரகாசமான நீல எல்.ஈ.டியை வெளியிட்டது. மூவருக்கும் 2014இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் வேறு. நாகம் செலனைட்டுக்குப் பொருத்தம் எல்லாம் இருந்தது, ஆனால் பளிங்கு மென்மையானது. மின் ஓட ஓடப் பிசகுகள் பெருகி, எல்.ஈ.டி விரைவில் அணைந்துவிடும். கல்லியம் நைத்திரைட்டில் ஒரு சதுர சென்ரிமீற்றரில் கோடிக்கணக்கான பிசகுகள். கணக்குப்படி அது ஒளிரவே கூடாது. ஆனாலும் ஒளிர்கிறது, வருடக்கணக்கில் ஒளிர்கிறது. பளிங்கு கடினமானது, பிசகுகள் பிறந்த இடத்திலேயே உறைந்து நிற்கும். ஒளியைத் தரும் படையில் கலந்திருக்கும் இந்தியமும், இலத்திரன்கள் பிசகுவரை அலைந்துபோகாமல் பார்த்துக்கொள்வதாகக் கருதுகிறார்கள். புத்தகத்தில் உள்ள பொருத்தங்களை மட்டும் பார்த்துத் தேர்ந்தவர்கள் தோற்று, பொருந்தாத பொருளைப் பிடித்துக்கொண்டவர்கள் வென்றார்கள்.

இந்தியம் என்று சொன்னேன் அல்லவா? கல்லியம் நைத்திரைட்டின் 3.4, ஊதாவுக்கு அப்பால் 365 நனோமீற்றரில் நிற்கிறது. அதைக் கீழே இறக்கத்தான் இந்தியம். சுமார் 15 முதல் 20 வீதம் இந்தியம் சேர்த்தால் நீலம். இன்னும் கூட்டினால் பச்சை. மருமகள் வாங்கிய மரகதப் பச்சை இந்தக் குடும்பம், நீலத்தின் தங்கச்சி. பழைய வாழைக்குருத்துப் பச்சையோ சிவப்பின் தம்பி.

இப்போது பற்றரி விவகாரத்துக்கு வருவோம். புதிய பச்சையின் ஒளித்துணுக்குக்கு 2.36தான் சக்தி. 2.5 வோல்ட் கொடுத்தும் ஏன் மினுங்கலோடு நின்றது? ஒளி தரும் இந்தியம் கலந்த படை இரண்டு மூன்று நனோமீற்றர் தடிப்புத்தான். அதன் இரு பக்கமும் 3.4 இடைவெளியுள்ள கல்லியம் நைத்திரைட்டு. அந்த உயர்ந்த மதில்களைத் தாண்டி, தடையுள்ள 'பி' வகைப் படையையும் கடந்து இலத்திரனையும் துளையையும் நடுவில் கொண்டுவந்து சேர்க்க மேலதிக வோல்ட்டளவு செலவாகிறது. அதனால் 2.4 அளவில் மெல்ல மினுங்கத் தொடங்கினாலும், முழு வெளிச்சத்துக்கு 3 வோல்ட்டோ அதற்கு மேலோ வேண்டும். பழைய பச்சைக்கு அந்த மதில் இல்லை, 2.1 போதும். ஒரே பெயருள்ள நிறம், ஏறத்தாழ ஒரு வோல்ட் வித்தியாசம்.

ஆகவே கடையில் பச்சை வாங்கும்போது எந்தப் பச்சை என்று கேளுங்கள். மூன்று வோல்ட் பச்சையா, இரண்டு வோல்ட் பச்சையா என்று கேட்டாலே கடைக்காரருக்கு விளங்கும். சிவப்பு, மஞ்சள் 2 வோல்ட்டுக்குக் கிட்ட, நீலமும் வெள்ளையும் 3 வோல்ட் அளவில். மல்ட்டிமீற்றரின் இருவாயி நிலையில் வைத்தால் சிவப்பு மெல்ல எரியும். நீலம் சில மீற்றர்களில் எரியாது. எல்.ஈ.டி பழுது என்று எறிந்துவிடாதீர்கள், மீற்றர் தரும் வோல்ட்டளவு நீலத்துக்குப் போதாமல் இருக்கலாம்.

பச்சையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தியம் கூடக் கூட அணு இடைவெளி விரியப் பார்க்கிறது, கீழே உள்ள கல்லியம் நைத்திரைட்டு விடாததால் அந்தப் படை நெருக்குப்படுகிறது. அந்த நெருக்கலால் உள்ளே ஒரு மின்புலம் உண்டாகி இலத்திரனை ஒரு பக்கமும் துளையை மறுபக்கமும் தள்ளுகிறது. சந்திப்பு குறைகிறது. சூட்டில் இந்தியம் பறந்துவிடும் என்பதால் குறைந்த சூட்டில் வளர்க்க வேண்டும், அதனால் பளிங்கின் தரமும் குறையும். சிவப்புக் குடும்பம் மேலிருந்து வந்து மஞ்சளோடு சோர்கிறது, நீலக் குடும்பம் கீழிருந்து வந்து பச்சையில் சோர்கிறது. நமது கண்ணோ 555 நனோமீற்றரில்தான் மிகக் கூர்மை. கண் அதிகம் விரும்பும் இடத்தில்தான் பொருள் கிடைக்கவில்லை. பச்சை இடைவெளி என்று இதற்குப் பெயர், இன்னும் முழுதாகத் தீரவில்லை. பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு அங்கே வேலை காத்திருக்கிறது.

வெள்ளை பற்றி ஒரு வார்த்தை. வெள்ளை இடைவெளி என்று எந்தப் பொருளிலும் இல்லை. வீட்டு எல்.ஈ.டி பல்புக்குள் இருப்பது நீலம். அதன் மேல் பூசிய மஞ்சள் பொடி நீலத்தில் ஒரு பகுதியை வாங்கி மஞ்சளாகத் திருப்பித் தருகிறது, இரண்டும் சேர்ந்து வெள்ளையாகத் தெரிகிறது. எரியாத பல்பின் உள்ளே மஞ்சள் பொட்டுகளைப் பார்த்திருப்பீர்கள், அதுதான் அந்தப் பொடி.

மருமகளின் வேலைக்கு வருகிறேன். பழைய பச்சையையே வைத்துவிடலாம், பற்றரியும் போதும் என்றுதான் முதலில் சொன்னாள். மாலையில் காலி வீதிக்குப் போய்ச் சமிக்ஞை விளக்கைப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். திரும்பி வந்து, "பச்சையில நீலம் கலந்திருக்கு மாமா" என்றாள். சரியாகப் பார்த்திருந்தாள். சமிக்ஞைப் பச்சை 505 நனோமீற்றர் அளவில், நீலத்தை நோக்கிச் சாய்ந்தது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியச் சிரமப்படும் கண்ணுள்ளவர்களுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும் என்று அந்த நிறம். வாழைக்குருத்துப் பச்சை அங்கே மஞ்சளோடு குழம்பிவிடும்.

புதிய பச்சையே இருக்கட்டும் என்று முடிவாகியது. மூன்று புதுப் பற்றரி, 4.5 வோல்ட். பச்சைக்கு 3 போக மீதி 1.5, பத்து மில்லியம்பியருக்கு 150 ஓம் தடையி. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் 2 போக மீதி 2.5, அதற்கு 250 வேண்டும், கடையில் கிடைப்பது 270. கணக்கை அவளே கொப்பியில் போட்டாள். இரவு ஏழு மணிக்கு மூன்றும் முறைப்படி மாறி மாறி எரிந்தன. வானொலிப் பச்சையை ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு, கல்லியம் பொசுபைட்டு என்று மேலே எழுதித் தன் மேசையில் வைத்துக்கொண்டாள்.